ரெவலர்ஸ் என்று திருத்தியது நான்தான்

பிப்ரவரி 6, திங்கள்

காலையில் மலை தெரியவில்லை. பனி. முழங்காலில் வலி. பல் தேய்க்க வெந்நீர்.

நான் புகார் கொடுக்கவில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் போடி முழுக்க வேறு மாதிரி பேசுகிறார்கள். தோட்டத்து ஆட்கள் என்னைக் கேலி செய்தார்களாம். எனக்குப் பொறுக்கவில்லையாம். போலீசுக்கு எழுதிக் கொடுத்துக் காத்தமுத்துவை உள்ளே வைத்துவிட்டேனாம். மூன்றில் இரண்டு பொய். கேலி செய்தது மட்டும் உண்மை.

சேதி கொண்டுவந்தவள் பொன்னுத்தாயி, சமையலுக்கு வருகிறவள். பால் வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்ததாம். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும்தான் பேசிக்கிறாக பெரியம்மா. நா என்னத்தக் கண்டேன்." புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் நம்புகிறாள் போல.

நடந்ததை வரிசையாக எழுதினால் எனக்கே தெளியும்.

எங்கள் ஏலத்தோட்டத்தில் கடைசிக் காய் எடுப்பு முடிகிற நாளில் ஒரு வழக்கம். என் கணவர் அந்தத் தோட்டத்தை வாங்குவதற்கு முன்பிருந்தே உண்டு. கடைசிக் கூடைக் காய் ஸ்டோருக்குள், அதாவது காய் உலர்த்தும் கட்டடத்துக்குள், போனதும் ஆட்கள் தங்களில் ஒருவரை ஒருநாள் முதலாளி ஆக்குவார்கள். விளக்கேற்றும் வரை அந்த ஆள் வைத்ததுதான் சட்டம். நிஜ முதலாளியும் கீழ்ப்படிய வேண்டும். யாரும் கோபிக்கக் கூடாது. ஒரு வருஷம் அவரையே முதுகில் கூடை கட்டி ஸ்டோரைச் சுற்றி வரச் சொன்னார்கள். வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட மாதிரி என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

இந்த வருஷம் வெள்ளையம்மா. காத்தமுத்துவின் மனைவி. முதலாளியாக வருவாள் என்று பார்த்தால் நானாக வந்தாள். கம்பியை வளைத்து மூக்குக்கண்ணாடி. வெள்ளைத் துண்டைப் போர்த்தி, கொண்டையில் சிவப்புக் குச்சி ஒன்று, என் பென்சிலாம். ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துப் பேசச் சொன்னாள், பேசியதும் "தப்பு, திருப்பிச் சொல்லு" என்றாள். ஏலச்செடிக்குக் குட் மார்னிங் சொல்ல வைத்தாள். என் முன்னால் வந்து நின்று, "நீ யாரு ஆத்தா, புதுசா இருக்கே? கூடையை எடு" என்றாள். எடுத்தேன். பென்சில் கொண்டையில் இருக்காது, காதுக்கு மேல் இருக்கும் என்று சொல்லி நானே எடுத்துச் செருகியும் விட்டேன். செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டாமா.

பிறகு காத்தமுத்து. என் மகன் சுந்தரமாக வந்தான். காலில் பாக்குமட்டை பூட்ஸ். வெள்ளையம்மா முன்னால் கைகட்டி நின்று, "அம்மா, தும்மல் வருது, தும்மட்டுமா?" என்று கேட்டான். "தப்பு. இங்கிலீசுல கேளு" என்றாள் அவள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் தேடினான். லயத்து வரிசைவீடுகளின் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்.

சுந்தரம் என் பக்கத்து நாற்காலியில். எழுந்தான். கைத்தடியை வீசினான். காத்தமுத்து மேல் படவில்லை, ஸ்டோர் ஜன்னலில் பட்டது. கண்ணாடி முழுவதும் போயிற்று. வெள்ளையம்மா கம்பிக் கண்ணாடியைக் கழற்றினாள். சுந்தரம் பங்களாவுக்குள் போய்விட்டான். அப்போது விளக்கு ஏற்றியிருக்கவில்லை.

மறுநாள் நான் போடிக்கு இறங்கிவிட்டேன். வியாழக்கிழமை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு தாள் கொண்டுவந்தார். அன்று நடந்ததைப் பற்றிச் சுந்தரம் எழுதிய இங்கிலீஷ், வழக்கம்போல் நான் திருத்தித் தர. தோட்டத்திலிருந்து போகும் இங்கிலீஷ் கடிதம் எதுவும் என் பென்சில் படாமல் போவதில்லை, கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படி. இந்தத் தாளில் சிவப்பு அதிகமாகிவிட்டது. கண்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை. மையில் நானே சுத்தப் பிரதி எழுதினேன். கீழ் மூலையில் என் இனிஷியல். கான்வென்டில் மதர் ஒவ்வொரு தாளிலும் போடுவார்கள். பார்த்தாயிற்று என்று பொருள். வேறு பொருள் இல்லை.

சு. 'ரவுடீஸ்' என்று எழுதியிருந்தான். அடித்தேன். நம் வீட்டுக் கடிதத்தில் வரக்கூடிய சொல் அல்ல அது. பொருத்தமும் இல்லை, அவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள். 'ரெவலர்ஸ்' என்று போட்டேன். கூடிக் களிக்கிறவர்கள், கும்மாளம் போடுகிறவர்கள். அந்த ஒரு சொல்லில் தாளின் விஷம் இறங்கியது என்று எண்ணிக்கொண்டேன்.

கல்லெறிந்து ஸ்டோர் கண்ணாடியை உடைத்தார்கள் என்றும் இருந்தது. கல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சு. இறங்கி வருவான், நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று அப்படியே எழுதினேன். ஃபைலில் வைக்கத்தான் என்று கணக்கப்பிள்ளை சொன்னார்.

ஞாயிறு அவன் வரவில்லை. சனியன்றே காத்தமுத்துவைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்பது இன்று காலைதான் தெரியும்.

மாலை. கணக்கப்பிள்ளை வந்து போனார். கணவருக்குப் பிறகு தோட்டம் என் பெயரில். ஏலக் கம்பெனியில், பாங்கில் எல்லாம் என் இனிஷியலுக்கு மதிப்பு. ஸ்டேஷனில் அதையே கையெழுத்தாக எடுத்துக்கொண்டார்கள். "முழுசும் உங்க கையெழுத்துல இருந்துச்சும்மா. அதனால நீங்களே குடுத்த மாதிரி ஆயிப்போச்சு" என்றார். ஃபைலுக்கு என்றீரே என்றேன். தம்பி சொன்னதைச் சொன்னேன் என்றார். காப்பி வேண்டாம் என்று போய்விட்டார்.

ஆக, நான் கொடுக்கவில்லை. என் கையால் எழுதப்பட்டதை வேறொருவர் கொடுத்தார். இதற்கு வித்தியாசம் உண்டு. உண்டுதானே.


பிப்ரவரி 7, செவ்வாய்

பனி குறைவு. வெயில் வந்ததும் மிளகாய் காயப்போட வேண்டும். மூக்குக்கண்ணாடி திருகு கழன்றது, நூல் கட்டியிருக்கிறேன்.

வெள்ளையம்மா வந்தாள். மலையிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை நடந்து, அங்கிருந்து யாரோ வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். முன்வாசலுக்கு வரவில்லை, கிணற்றடியில் நின்றாள். மோர் கொடுக்கச் சொன்னேன். வாங்கித் துவைகல் மேல் வைத்தாள். குடிக்கவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒங்களக் கேலி பண்ணது நா. அதுக்கு என்னைய வையுங்க, அடிங்க. அந்த மனுசன எதுக்குப் பிடிச்சாக?"

அது ஒரு பிசகு, நான் சொல்லி விடச் சொல்கிறேன் என்றேன். பெருந்தன்மையோடு, மன்னித்துவிட்டதாக எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். பெருந்தன்மை என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தோரணை என் குரலில் இருந்தது. எனக்கே கேட்டது.

"மன்னிச்சோம்னு எழுதிராதீக பெரியம்மா. மன்னிச்சா, அவரு செஞ்சதா ஆயிரும். அவரு கல்லு எடுக்கல. நீங்க பாத்தீக. கையில கூடையோட என் பக்கத்துலதான நின்னீக."

கூடையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது நடந்தது என்று திருத்த வாய் வந்தது. திருத்தவில்லை. நல்லவேளை.

அவள் மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். மேட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டம் இருக்கிற மலையாள ராஜ்யத்தில், இப்போது எல்லைப் பேச்சு ஓடுகிறது. தேவிகுளம் யாருக்கு, பீர்மேடு யாருக்கு, தமிழ்நாட்டுக்கா மலையாளத்துக்கா என்று. நாலு தமிழாட்கள் கூடி நின்றாலே போலீஸ் வேறு விதமாகப் பார்க்கிறதாம். காத்தமுத்துவைக் கண்ணாடி உடைத்தவனாக மட்டும் வைத்திருக்கிறார்களா, வேறு ஏதாவது சேர்த்துவிடுவார்களா என்பது அவள் பயம். ஆட்கள் கூடியது எதற்கு, பாட்டில் என்ன பாடினார்கள் என்றெல்லாம் கேட்கிறார்களாம். கொட்டு வைத்திருந்த ஆளையும் விசாரித்தார்களாம்.

ஆட்கள் கூடியது எதற்கு என்றதும் நான் எழுதிய 'ரெவலர்ஸ்' நினைவுக்கு வந்தது.

போகும்போது சொன்னாள், பென்சிலை நீங்களே என் காதில் வைத்துவிட்டீர்கள், அதனால் தைரியமாக ஆடினேன் என்று. கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

மோரைப் பூனை குடித்தது.


பிப்ரவரி 8, புதன்

சரியாகத் தூக்கமில்லை. காற்று. மிளகாயை அள்ளி உள்ளே வைத்தோம்.

என் சொல் சரிதானா என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. கான்வென்டில் பரிசாகக் கிடைத்த பெரிய அகராதியை எடுத்தேன், சொற்களின் பிறப்பையும் சொல்வது. முதுகு பிரிந்து கிடக்கிறது. 'ஆர்' பகுதியில் ஒரு மூலை கரையான்.

ரெவலர்: ஆரவாரமாகக் களிப்பவன். விருந்து, குடி, கூத்து இவற்றில் கூடுபவன். சரி. அதுவரை நான் எழுதியது தப்பில்லை.

அடியில் சின்ன எழுத்தில் பிறப்பு. பிரெஞ்சிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் அந்த வினைக்குக் கூச்சலிடு, களித்திரு என்றும் பொருள், கலகம் செய் என்றும் பொருள். அதற்கும் முன்னால் லத்தீன். 'ரெபெல்லாரே'. மறுபடி போர் தொடுப்பது. 'ரெ' மறுபடி, 'பெல்லும்' போர். தோற்று அடங்கியவன் திரும்ப எழுவது. ரெபல் என்கிற சொல்லும் அதே வேரில்தான். ரெவலும் ரெபலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அகராதியை மூடினேன்.

விஷத்தை இறக்கியதாக நினைத்தேனே. சாந்தமான சொல் என்று தேடிப்பிடித்துப் போட்டேன், அதன் அடியில் கலகம் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷனில் யாராவது இந்த அகராதியைப் பார்ப்பார்களா? பைத்தியக்கார நினைப்பு. ஆனாலும் நினைத்தேன். அங்கே ஒரு படித்த அதிகாரி, எல்லைச் சண்டைக் காலத்தில், ரெவலர் என்றால் கலகக்காரன் என்று எழுதி மேலே அனுப்பினால்? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை, பொன்னுத்தாயிதான் ஓடி வந்தாள்.

பிறகு யோசித்தேன். நம்மிடமும் அப்படித்தானே இருக்கிறது. ஆர்ப்பாட்டம். கல்யாண வீட்டில் ஆர்ப்பாட்டம் என்றால் கொட்டும் சிரிப்பும். பத்திரிகையில் ஆர்ப்பாட்டம் என்றால் கொடியும் போலீசும். சத்தம் ஒன்றுதான். யார் காதில் விழுகிறது என்பதுதான் வேறு.

மதர் ஒரு தடவை வகுப்பில் சொன்னது ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் சமயம் பெரிய வீடுகளில், வேலைக்காரரில் ஒருவனைச் சில நாளைக்குத் தலைவன் ஆக்குவார்களாம். எஜமானே அவனுக்குத் தலைவணங்க வேண்டும். ராஜாவின் அரண்மனையில் களியாட்டங்களைக் கவனிக்க ஓர் அதிகாரியே உண்டாம். நாங்கள் நம்பாமல் சிரித்தோம். மதர் சிரிக்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் மூடியைத் திறந்து ஆவியை விட்டால் பானை வெடிக்காது என்றார்கள்.

எங்கள் தோட்டத்து வழக்கமும் அதுதான் என்று எத்தனையோ வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன். மூடி. ஆவி. பானை. இன்று அப்படித் தோன்றவில்லை. அன்று வெள்ளையம்மா கண்ணில் இருந்தது ஆவி மட்டுமல்ல. அவள் என்னைப் படித்து வைத்திருந்தாள். எங்கே நிறுத்துவேன், எங்கே மூக்கை உயர்த்துவேன், யாரை எப்போது அவமானப்படுத்துவேன், எல்லாம். அது கேலியா, கலகமா? அகராதிக்காரன் இரண்டையும் பிரிக்கவில்லை. நான் மட்டும் எப்படிப் பிரிப்பேன்.

ஆனால் கல் எறியவில்லை. அதில் சந்தேகமே இல்லை.

சு.வுக்கு இரண்டு வரி எழுதித் தோட்டத்து ஜீப் டிரைவரிடம் கொடுத்தேன். உடனே இறங்கி வா, ஸ்டேஷனுக்குச் சேர்ந்து போவோம் என்று.


பிப்ரவரி 9, வியாழன்

டிரைவர் திரும்பினான். பதில் வாயால். "தம்பி ரொம்பச் சோலியா இருக்காராம்மா. பொறவு பாக்கலாம்னாரு."

எழுதித் தரச் சொன்னேனே என்றேன்.

"கேட்டேம்மா. எழுதுனா அம்மா திருத்துவாக, வாயாலயே சொல்லிருன்னாரு."

டிரைவர் அதைச் சிரிக்காமல் சொன்னான். நல்ல மனிதன்.

மதியம் மருமகள் ராஜம் வந்தாள். சிலமலையில் அவள் தாய்வீட்டுக்குப் போகிற வழியாம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள். காய்ச்சலா, மலையில் இருக்கப் பிடிக்காமல் இறங்கினாளா, நான் கேட்கவில்லை. சாப்பிட்டாள். வெண்டைக்காய் பிடிக்கும் அவளுக்கு. ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

கேட்டேன், அவன் எதற்கு இப்படிப் பிடிவாதமாக இருக்கிறான், ஒரு கூத்தாடியதற்கா என்று.

ராஜம் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவுக கூத்துக்குக் கோவப்படல அத்தே. காத்தமுத்து செஞ்சத நெனச்சு அவுகளே ஒரு தடவ சிரிச்சாக. நீங்க சிரிச்சதத்தான் சொல்லிச் சொல்லி மாயறாக."

நான் எல்லோரும் சிரித்தார்களே என்றேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாகன்னு சொல்றாக."

மல்லி விலை பற்றிப் பேசினோம். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

கண்ணில் தண்ணீர் வந்ததா? வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்போது அவன் என்னைப் பார்த்திருக்கிறான்.

கவலைகள், எழுதிவிட்டால் நெஞ்சிலிருந்து இறங்குமோ என்று:
காத்தமுத்துவுக்கு உள்ளே சாப்பாடு யார் கொடுக்கிறார்கள்.
வேறு கேஸ் சேர்ப்பார்களா.
நான் போய் உண்மையைச் சொன்னால் பொய்ப் புகார் என்று ஆகும். யார் மேல் வரும்? எழுதியவள் மேலா, சொன்னவன் மேலா?
சு. என்னோடு பேசுவானா.
சு. அப்பாவைப் போல இல்லை. அதை அவன் தெரிந்துகொண்டது எப்போது? நான் சொல்லியிருப்பேனோ?
மூக்குக்கண்ணாடி. நூல் தாங்காது.

நாளை போகிறேன். டிரைவரிடம் சொல்லியாயிற்று. அவன் தலையைச் சொறிந்தான். "தம்பிக்குத் தெரிஞ்சா?" என்றான். ஜீப்பு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். உங்க பேருலதான்மா என்றான். பிறகென்ன.


பிப்ரவரி 10, வெள்ளி

போய்விட்டு வந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. ஆனாலும் மறப்பதற்குள் எழுத வேண்டும்.

முந்தலுக்கு மேலே வளைவு வளைவாக. ஏலக்காய் லோடு ஒன்று இறங்கி வந்தது, ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. மேடு தாண்டியதும் குளிர், வேறு ஊர் வாசனை. பாதி வழியில் டிரைவர், காத்தமுத்து தன் அக்காளுக்குச் சம்பந்தி முறை என்று சொன்னான்.

ஸ்டேஷன் சின்னது. சப் இன்ஸ்பெக்டர் இளம் வயசு, மலையாளத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அம்மா இரிக்கணும் என்றார். என் புகாரை எடுத்து மேஜையில் விரித்தார். என் எழுத்து. நடுங்காமல், வரி கோணாமல். பார்க்க அவமானமாக இருந்தது.

"இத்ர நல்ல இங்கிலீஷ் இந்த ஸ்டேஷனுக்கு வந்து நான் கண்டிட்டில்ல அம்மா" என்றார். நிஜமாகவே சொன்னார். அதில் எனக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. வந்ததை எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் என்ன பயன்.

ரெவலர்ஸ் என்ற சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் குனிந்து தேடிப் பார்த்தார். அந்த வார்த்தை தனக்குத் தெரியாது, அதைத் தாண்டிப் போய்விட்டேன் என்றார். "கல்லெறிஞ்சு, கண்ணாடி பொட்டிச்சு. அது மதி. பின்னே ஒப்பு உண்டல்லோ." அதுவே போதுமாம், கையெழுத்தும் இருக்கிறதே என்று என் இனிஷியலைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டு நாளாக நான் அடைந்த கிலியில் பாதி அந்தச் சொல்லுக்காக. அவர் அதைப் படிக்கவே இல்லை.

கல் இல்லை என்றேன். என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார். பிறகு, எனக்கு உதவுகிற எண்ணத்தில்தான், வழி சொன்னார். சமாதானம் ஆகிவிட்டது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினால் போதும். மகன் பெயர் வர வேண்டியதில்லை. ஆளையும் விட்டுவிடலாம். வீட்டு விஷயம் வீட்டோடு போகும். பொய்ப் புகார் என்று எழுதினால் புகார் கொடுத்தவர் பேரில் கேஸ் வரும், அதை அவரால் தடுக்க முடியாது.

எவ்வளவு சுலபம். கை பேனாவை எடுத்துவிட்டது. சமாதானம் என்று எழுதியும் விட்டேன்.

மன்னித்தால் செய்ததாக ஆகிவிடும் என்று வெள்ளையம்மா சொன்னது அப்போது காதில் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், இல்லை. வந்தது வேறு. உள்ளே கம்பிக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள். யார் என்று பார்க்கவில்லை, காத்தமுத்துவாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அன்று அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. சிரித்தேனே. அதற்கு நான் சிரித்தேன், அவன் உள்ளே இருக்கிறான்.

தாளைக் கிழித்தேன். வேறு கேட்டேன். தமிழில் எழுதினேன். என் ஆயுளில் ஓர் அதிகாரிக்குத் தமிழில் எழுதியது இதுதான் முதல்.

கல் யாரும் எறியவில்லை. கண்ணாடியை உடைத்தது என் மகன் கைத்தடி. அதை நான் கண்ணால் கண்டேன். புகாரை எழுதியது என் கை. எழுதும்போதே அது பொய் என்று தெரியும். வழக்கு உண்டென்றால் என் பெயரில் போடவும்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் படிக்க வராது. கான்ஸ்டபிள் ஒருவர் படித்துச் சொன்னார். கையிலிருந்து தடி நழுவியது என்று போட்டால் நல்லது அம்மா என்றார் இன்ஸ்பெக்டர். யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன். வீசிய என்று எழுதிக் கொடுத்தேன். இனிஷியல் போடவில்லை. முழுப்பெயர்.

ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு காத்தமுத்துவை விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டு நின்றான். கும்பிடவில்லை, திட்டவும் இல்லை. ஜீப்பில் ஏறு என்றேன். நடந்தே போறேன் பெரியம்மா என்றான். வாசலில் வெள்ளையம்மா இருந்திருக்கிறாள், நான் உள்ளே போகும்போது கவனிக்கவில்லை. அவனைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி ஒரு தடவை பார்த்தாள். என்ன பார்வை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேஸ் பற்றி இன்ஸ்பெக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. மேலே அனுப்புவாராம். பின்னே நோக்காம், பிறகு பார்க்கலாம் என்றார்.

வரும் வழியில் தோட்டத்துக்குப் பிரியும் பாதை. டிரைவர் வேகத்தைக் குறைத்தான். நேராகப் போ என்றேன். பயம்தான்.


பிப்ரவரி 11, சனி

உடம்பு முறுக்கி எடுக்கிறது. நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர். பொன்னுத்தாயி முதுகு தேய்த்துவிட்டாள்.

ஊர் திருப்பிப் பேசுகிறதாம். நேற்று வரை ஏழையைப் பிடித்துக் கொடுத்தவள். இன்றைக்குப் பெற்ற மகனைக் காட்டிக் கொடுத்தவள். "சொத்துத் தகராறுன்னு கூடச் சொல்றாக" என்றாள் பொன்னுத்தாயி. சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது. அதைச் சாக்காக வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தேன்.

காத்தமுத்துவும் வெள்ளையம்மாவும் லயத்தைக் காலி செய்துவிட்டார்கள். சிலமலைப் பக்கம் அவள் அண்ணன் வீட்டில். வயல் வேலை பார்ப்பார்கள். அடுத்த வருஷம் ஒருநாள் முதலாளி உண்டா இல்லையா என்று யாரும் பேசவில்லையாம். யார் ஆடுவார்கள் இனி. யார் சிரிப்பார்கள்.

சு.விடமிருந்து சேதி இல்லை. ஜீப்பு வரும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். எல்லாம் வேறு வேறு ஜீப்பு.

அவனுக்குத் தெரிந்திருக்கும். கணக்கப்பிள்ளை சொல்லியிருப்பார். சாப்பிட்டானோ. ராஜமும் அங்கே இல்லை.


பிப்ரவரி 12, ஞாயிறு

வெயில். மலை பளிச்சென்று தெரிகிறது, ஒவ்வொரு மடிப்பும்.

ஞாயிற்றுக்கிழமை. வரவில்லை. பிற்பகல் டிரைவர் மட்டும் வந்தான், அரிசி எடுக்க. தம்பி ஏதாவது சொன்னானா என்றேன். ஒண்ணும் சொல்லலம்மா, ஸ்டோருக்குப் புதுக் கண்ணாடி அளவெடுத்துக்கிட்டு இருக்காரு என்றான்.

அவனை உட்கார வைத்துவிட்டு எழுதினேன். நகல்:

சுந்தரம்,

ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். கேள்விப்பட்டதை நம்பாதே, அதில் இருந்தது இவ்வளவுதான்: கல் எறியவில்லை, தடி உன்னுடையது, புகார் என் கையெழுத்து, எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். தடி நழுவியது என்று எழுதச் சொன்னார்கள். நழுவவில்லை. கேஸ் வந்தால் என் பேரில் வரும், நீ அலைய வேண்டாம்.

அன்று நான் சிரித்தேன். கூத்தைப் பார்த்துத்தான் சிரித்தேன், உன்னைப் பார்த்து இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி அடித்தேன். உன்னைப் பார்த்தும்தான் சிரித்தேன். நீ பார்த்தது சரி.

இனித் தோட்டத்துக் கடிதம் எதையும் திருத்துவதற்கு எனக்கு அனுப்ப வேண்டாம். நீ எழுதுவதை நீயே அனுப்பு.

நான் ஸ்டேஷனில் எழுதியதில் எந்த வரி பொய் என்று நினைக்கிறாயோ அந்த வரியைச் சொல். பொய் இல்லை, ஆனாலும் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றால் அதைச் சொல். டிரைவரிடம் வாயால் சொல்லி அனுப்பாதே. பிழையோடு இருந்தாலும் சரி, எழுத்தில் பதில் அனுப்பு.